பிராங்க்ளினின் கால அட்டவணையும் ஆயரின் வாசற்படியும்

காலத்தை ஒழுங்குபடச் செலவிடுவது எவ்வாறு என்று கற்பிக்கும் நூல்கள் இந்நாளில் மிகுதியாக வெளிவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு மூதாதை எனத்தக்க நூல் ஒன்று உண்டு. அச்சகத் தொழிலாளராகத் தொடங்கி அறிவியலாராகவும் அரசியலாராகவும் உயர்ந்த அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706-1790) எழுதிய தன்வரலாறே அது. அந்நூலின் ஒரு பக்கத்தில், ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரமும் இன்னின்ன பணிக்கு என்று பிரித்துக் காட்டும் அட்டவணை இடம்பெற்றுள்ளது. அந்த ஒரு பக்கம் நூலினின்று பிய்த்தெடுக்கப்பட்டு உலகெங்கும் உலவி வருகிறது. 1980களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவர் பெயராலேயே நாட்குறிப்பேடுகளை விற்கத் தொடங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டியது. நம் இறையியல் மாணவர் விடுதி அறைச் சுவர்களில் ஒட்டிவைக்கும் கால அட்டவணைகளும், அறிந்தோ அறியாமலோ, அப்பக்கத்தின் வழித்தோன்றல்களே.

ஆனால் அப்பக்கத்திற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை வாசித்தோர் நம்மிடையே எத்தனை பேர்? திருமறையில் ஒரு வசனத்தை அதன் சூழலினின்று பிரித்தெடுத்துப் பிரசங்கிப்பது தவறு என்று முதலாண்டு மாணவருக்கே கற்பிக்கிறோம். பிற நூல்களுக்கும் அவ்விதி பொருந்தும். பிராங்க்ளினைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அட்டவணையை மட்டுமே எடுத்துக்கொண்டு பேசுகின்றனர் என்பது நம் குறை. முழுப் பகுதியையும் வாசித்தால், அது காலத்தை வென்ற ஒருவரின் வெற்றிப் பறைசாற்றலன்று என்பது புலப்படும். ஆயர் பணிக்கு ஆயத்தப்படுவோர் கருத்தூன்றி வாசிக்கவேண்டிய ஒரு தோல்வியின் பதிவும் அதனுள் அடங்கியுள்ளது.

முதலாவது, நூல் எழுந்த விதத்தைக் காண்போம். பிராங்க்ளின் இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. முதற் பகுதி 1771இல் இங்கிலாந்தில் ட்வைஃபர்ட் என்னும் ஊரில், தம் மகனுக்கு எழுதும் கடிதம் போல எழுதப்பட்டது. இரண்டாம் பகுதி 1784இல் பாரிசு நகரையடுத்த பாஸியில் எழுதப்பட்டது. மூன்றாம் பகுதியை 1788இல் பிலதெல்பியாவில் தொடங்கினார். நான்காவதாக உள்ள சில பக்கங்கள் அவர் இறப்பதற்குச் சற்று முன் எழுதப்பட்டவை. நாம் பேசும் அட்டவணை இரண்டாம் பகுதியில் வருகிறது. தம் இருபதுகளில் வகுத்த திட்டத்தை எழுபத்தெட்டு வயதுக் கிழவர் அரை நூற்றாண்டு கழித்து நினைவுகூர்ந்து எழுதுகிறார். எழுதும்போது அவர் இதழ்க்கடையில் ஒரு புன்சிரிப்பு தவழ்வதை உணராத வாசகர் நூலையே தவறவிட்டவராவார்.

அப்புன்சிரிப்பிற்குச் சான்று வேண்டுமாயின், அதே 1784ஆம் ஆண்டில் அவர் பாரிசு நாளிதழ் ஒன்றிற்கு எழுதிய கடிதத்தைப் பார்க்கலாம். தற்செயலாகக் காலை ஆறு மணிக்கு விழித்த தாம், சூரியன் எழுந்தவுடனேயே ஒளி தருகிறது என்னும் அரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக அதில் கேலியாக எழுதுகிறார். பாரிசில் ஒரு நூறாயிரம் குடும்பங்கள் நண்பகல்வரை உறங்கி இரவில் எரிக்கும் மெழுகுவர்த்திக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, விடியற்காலையில் கோயில் மணிகளை அடிக்கவேண்டும், அது போதாதெனில் பீரங்கி முழக்கவேண்டும் என்று யோசனை கூறுகிறார். காலை ஐந்து மணிக்கு எழும் அட்டவணையும் இந்தக் கேலியும் ஒரே ஆண்டில் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. 1778இல் பாரிசில் அவரோடிருந்த ஜான் ஆடம்சோ, அவர் காலந்தாழ்த்தியே காலை உணவு கொள்வார் என்றும், அது முடிந்ததும் பார்வையாளர் கூட்டம் வந்து மொய்த்துக்கொள்ளும் என்றும் சலிப்போடு எழுதிவைத்துள்ளார்.

இனி, அட்டவணைக்கு முன்னுள்ள பக்கங்களுக்கு வருவோம். அவற்றை வாசிக்கையில் போதகராகிய நமக்கு நெஞ்சு சற்றுக் குறுகுறுக்கும். பிராங்க்ளின் பிரஸ்பிட்டேரிய மரபில் வளர்ந்தவர். தகப்பனார் அவரைத் தம் குமாரரில் தசமபாகமாகத் திருப்பணிக்கு ஒப்படைக்க எண்ணியிருந்தவர். பிலதெல்பியாவில் அச்சமரபின் போதகர் அவரைச் சந்தித்து ஆலயத்திற்கு வருமாறு அவ்வப்போது வேண்டிக்கொண்டார். பிராங்க்ளினும் ஒருமுறை தொடர்ந்து ஐந்து ஞாயிறுகள் சென்றார். ஒரு நாள் போதகர் பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரம் எட்டாம் வசனத்தைத் தியான வசனமாக எடுத்தார். உண்மை, நீதி, கற்பு, அன்பு, புண்ணியம், புகழ் ஆகியவற்றைச் சிந்திக்க ஏவும் வசனம் அது. நல்லொழுக்கத்தைப்பற்றி ஏதேனும் கேட்கலாம் என்று பிராங்க்ளின் ஆவலோடு அமர்ந்திருந்தார். போதகரோ பவுல் அடிகளாரின் கருத்தை ஐந்து தலைப்புகளில் அடக்கினார்: ஓய்வுநாளை ஆசரித்தல், வேதத்தைக் கருத்தாய் வாசித்தல், பொது ஆராதனைக்குத் தவறாது வருதல், திருவிருந்தில் பங்குபெறுதல், போதகருக்குரிய மரியாதையைச் செலுத்துதல். இவை நல்லவையாக இருக்கலாம், ஆயினும் அவ்வசனத்திலிருந்து தாம் எதிர்பார்த்த நல்லவை இவையல்ல என்று கண்ட பிராங்க்ளின், வெறுப்புற்று அவருடைய பிரசங்கம் கேட்கச் செல்வதை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இந்நிகழ்ச்சிக்கு அடுத்தபடியாகவே பதின்மூன்று நற்பண்புகளின் திட்டம் வருகிறது. இவ்வரிசை தற்செயலானதன்று என்பது நம் துணிபு. பிரசங்க பீடத்தில் கிடைக்காத ஒன்றை அந்த மனிதர் தாமே கோடு போட்டு உண்டாக்கிக்கொள்கிறார். காலநிர்வாக நூல்களை நம் விசுவாசிகள் விரும்பி வாங்குவதைக் கண்டு உலகப்பற்று என்று கடிந்துகொள்ளுமுன், அந்த ஐந்து தலைப்புப் பிரசங்கத்தை நாம் எத்தனை முறை செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

திட்டத்தின் விவரம் பலரும் அறிந்ததே. மிதமாக உண்டு குடித்தல் தொடங்கி மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு எனச் சென்று தாழ்மையில் முடியும் பதின்மூன்று பண்புகள். தாழ்மை, குவேக்கர் நண்பர் ஒருவர் அவருடைய செருக்கைச் சுட்டிக்காட்டிய பின்னரே சேர்க்கப்பட்டது. ஒரு சிறு ஏட்டில் சிவப்பு மையால் கோடிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள் அமைத்து, தவறியபோதெல்லாம் ஒரு கரும்புள்ளி இட்டார். வாரத்திற்கு ஒரு பண்பு எனப் பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டிற்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்ததால், ஈரப் பஞ்சினால் துடைக்கத்தக்க தந்த ஏடுகளுக்கு மாறினார்.

அட்டவணை, மூன்றாவது பண்பாகிய ஒழுங்கிற்குத் துணையாக மட்டுமே வகுக்கப்பட்டது. ஐந்து மணிக்கு எழுதல், கழுவுதல், இறைவேண்டல், அன்றைய அலுவலைத் திட்டமிடல், படிப்பு, காலை உணவு. எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை. பின் இரண்டு மணிவரை வாசிப்பு, கணக்குப் பார்த்தல், உணவு. இரண்டு முதல் ஆறு வரை மீண்டும் வேலை. அதன்பின் பொருள்களை அவற்றிற்குரிய இடத்தில் வைத்தல், இரவு உணவு, இசை அல்லது உரையாடல், அன்றைய நாளை ஆராய்தல். பத்து மணிக்கு உறக்கம். இன்று என்ன நன்மை செய்வேன் என்று காலையிலும், என்ன நன்மை செய்தேன் என்று மாலையிலும் தம்மைக் கேட்டுக்கொள்கிறார். நன்மை செய்தலைப்பற்றிப் பாஸ்டன் நகரப் போதகர் காட்டன் மேதர் 1710இல் வெளியிட்ட நூல் தம்மை உருவாக்கியது என்று அவரே சொல்லியிருப்பதால், இக்கேள்விகளின் வேர் எங்குள்ளது என்று தேடி அலையவேண்டியதில்லை. போதகரை விட்டு ஓடிய மனிதர் ஒரு போதகரின் கேள்வியைக் கையோடு கொண்டுபோனார்.

பிய்த்தெடுப்போர் இவ்விடத்தில் கத்தரிக்கோலை வைக்கின்றனர். நூல் இங்கே நிற்கவில்லை. பதின்மூன்று பண்புகளிலும் தமக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது ஒழுங்குதான் என்று பிராங்க்ளின் தொடர்ந்து எழுதுகிறார். காரணத்தையும் கூறுகிறார். தன் வேலை நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளக்கூடிய கூலி அச்சுத் தொழிலாளிக்கு இத்திட்டம் கைகூடலாம். உலகத்தாரோடு கலந்து பழகி, அலுவலாக வருவோரை அவர்களுக்கு வசதியான நேரத்தில் வரவேற்கவேண்டிய அச்சகத் தலைவனுக்கு அது இயலாது. இந்த ஒரு வாக்கியம், நம் கருத்தில், அட்டவணை முழுவதையும்விடப் பெறுமதி வாய்ந்தது. உலகப் புகழ்பெற்ற கால அட்டவணையை வகுத்தவரே, வாசற்கதவைத் தட்டும் மனிதரின் முன் அது தோற்றுப்போனதை எழுதிவைத்திருக்கிறார்.

இதைத் தொடர்ந்து ஒரு கதையும் சொல்கிறார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கி, அதன் முகம் முழுவதும் வாய்முனையைப்போலப் பளபளக்கவேண்டும் என்றான். சக்கரத்தை நீ சுற்றினால் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். அவன் சுற்றிச் சுற்றிக் களைத்து, இடையிடையே வந்து பார்த்து, இறுதியில் இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன் என்றான். இன்னும் சுற்று, இப்போது புள்ளி புள்ளியாகத்தானே இருக்கிறது என்றான் கொல்லன். ஆம், ஆனால் புள்ளியுள்ள கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது என்றான் அவன். இது சோம்பலுக்குச் சாக்கு என்பதும் பிராங்க்ளினுக்குத் தெரியும். தம்மிலேயே அச்சாக்கு எழுந்ததென்று ஒப்புக்கொள்கிறார். முதுமையில் நினைவு குன்றியபோது ஒழுங்கின்மையின் நட்டத்தை நன்கு உணர்ந்ததாகவும், எனினும் முயன்றதனாலேயே தாம் மேலான மனிதரானதாகவும் கூறுகிறார். இந்த இருமுனைப்பட்ட நேர்மை, வெற்றிக்கு வழிகாட்டும் நூல்கள் எதிலும் நாம் காணாதது.

இவ்விடத்தில் மாக்ஸ் வேபரைக் குறிப்பிடாது விடல் இயலாது. 1904-05இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற ஆய்வு, முதலாளித்துவ மனப்பான்மைக்கு மாதிரியாகப் பிராங்க்ளினை நிறுத்துகிறது. வேபர் பெரிதும் சார்ந்திருப்பது, இளம் வணிகர் ஒருவருக்கு என 1748இல் பிராங்க்ளின் எழுதிய அறிவுரையையே. காலமும் பணமும் ஒன்றே எனச் சொல்லும் எழுத்து அது. நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் ஈட்டவல்லவன் அரை நாள் சும்மாயிருந்து பொழுதுபோக்கிற்கு ஆறு பென்சு செலவிட்டால், அவன் இழந்தது ஆறு பென்சு மட்டுமன்று, ஐந்து ஷில்லிங்கும் சேர்த்தே என்று அதில் கணக்கிடுகிறார். காலம் கணக்கேட்டில் ஏறிவிட்டது என்று வேபர் சொல்வது இதனளவில் சரியே. ஆயினும் அந்த 1748ஆம் ஆண்டிலேயே, நாற்பத்திரண்டு வயதில், பிராங்க்ளின் அச்சகத்தைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு மின்சார ஆராய்ச்சிக்கும் பொதுப்பணிக்கும் ஒதுங்கினார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பணத்திற்காகவே காலம் என்று அவர் வாழவில்லை. ஓய்ந்திருக்கும் காலத்தைப் பணத்தால் வாங்கினார் என்பதே பொருத்தம். 1923இல் டி. எச். லாரன்சு தொடுத்த தாக்குதல் இன்னும் காரமானது. மனித ஆன்மாவை வேலியடைத்துத் தோட்டமாக்கப் பார்க்கிறவர் என்று அவர் சீறுகிறார். சீற்றம் படிக்கச் சுவையானது, தீர்ப்பாக ஏற்பதற்கில்லை.

இவ்விருவரும் வலியுறுத்தாத வேறொரு குறையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அட்டவணையில் காலை உணவு உண்டு. அதை ஆயத்தம் செய்தவர் இல்லை. நூலின் பிற பக்கங்களில் மனைவி டெபோரா வருகிறார். சிறு நூல்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், காகிதத் தொழிலுக்குக் கந்தைத் துணி வாங்கினார் என்று பிராங்க்ளின் நன்றியோடு எழுதுகிறார். மண்கலத்தில் ரொட்டியும் பாலும் உண்டவருக்கு ஒரு நாள் அந்த அம்மையார் இருபத்துமூன்று ஷில்லிங்கிற்குச் சீனக் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வாங்கிவைத்த கதையும் உண்டு. ஆனால் ஐந்து மணி முதல் பத்து மணிவரை ஓடும் அந்த நாளில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிக்கும் ஒரு கட்டமும் இல்லை. பின்னாளில் அவ்வீட்டில் அடிமைகளும் இருந்தனர். 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்று, 1790இல் அமெரிக்கக் காங்கிரசிற்கு விண்ணப்பம் அனுப்பும்வரை அவர் மனம் மாறியது உண்மையே. எனினும் ஒருவருடைய ஒழுங்கான நாள் பிறர் பலருடைய நேரத்தின்மேல் கட்டப்படுகிறது என்பது அட்டவணையில் தெரியவே தெரியாது. 1764இல் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். 1774 டிசம்பரில் டெபோரா இறந்தபோதும் அவர் திரும்பியிருக்கவில்லை. ஆயர் இல்லங்களிலும், விடியற்கால ஜெபத்திற்கு எழும் ஐயருக்கு முன்னதாக அடுப்பங்கரையில் விளக்கேற்றுகிறவர் யார் என்பதை நம் ஒழுங்கைப் புகழும் சபையார் கேட்பதில்லை.

இனித் திருமறைக்கு வருவோம். காலத்தைப் பிரயோஜனப்படுத்துதல் என்று நம் தமிழ் வேதாகமத்தில் எபேசியர் 5:16இலும் கொலோசெயர் 4:5இலும் வரும் சொல்லின் கிரேக்க மூலம், சந்தையில் வாங்குதலைக் குறிக்கும் வினையினின்று பிறந்தது. மரபாக இவ்வசனங்கள் அட்டவணைக்குத் துணை வசனங்களாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஜான் வெஸ்லி 1782இல் எபேசியர் வசனத்தின்மேல் வெளியிட்ட பிரசங்கம் முழுவதும் உறக்கத்தைப்பற்றியதே. இரவில் விழிப்பு வருவதைக் கண்டு, அலாரக் கடிகாரம் வாங்கி, முதல் நாள் ஏழு, அடுத்த நாள் ஆறு, பின்னர் ஐந்து, நான்கு என எழுந்து, விழிப்பின்றி உறங்கும் அளவைக் கண்டறிந்த விதத்தை ஓர் ஆய்வாளரைப்போல அதில் விவரிக்கிறார். பிரசங்கம் நல்லது. ஆனால் வசனம் உறக்கத்தைப்பற்றிப் பேசவில்லை.

இங்கே காலத்தைக் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை எதிரெதிராக நிறுத்தி, ஒன்று கடிகார நேரம், மற்றது தேவன் தரும் தருணம் என்று பிரித்துப் பேசும் வழக்கம் நம் பிரசங்க பீடங்களில் வேரூன்றியுள்ளது. ஜேம்ஸ் பார் 1962இலேயே இவ்வேறுபாடு சொற்களின்மேல் சுமத்தப்பட்டது என்று எடுத்துக்காட்டிவிட்டார். பிரசங்கத்திற்கு இனிப்பாயிருப்பதால் விட மனமில்லாதோர் இன்னும் பலர்! சொல்லின் வேரை மட்டும் பிடித்துக்கொள்வதும் ஆபத்தே. தானியேல் 2:8இன் கிரேக்க மொழிபெயர்ப்பில், கல்தேயர் சாக்குப்போக்குச் சொல்லிக் காலம் கடத்தப் பார்க்கிறார்கள் என்று அரசன் குற்றஞ்சாட்டும்போது, அதே வினை காலம் என்னும் அதே சொல்லோடு வருகிறது. ஆதலின் பொருளைச் சூழலில் தேடுவதே முறை. கொலோசெயரில் சூழல் தெளிவாக உள்ளது. சபைக்குப் புறம்பே இருப்போரிடத்தில் ஞானமாய் நடப்பதைப்பற்றிய அறிவுரை அது. அடுத்த வசனமோ அவரவருக்கு எவ்வாறு விடையளிக்கவேண்டும் என்பதைப்பற்றியது. காலத்தை வாங்குதல் அங்கே வேலைகளோடு இணைக்கப்படவில்லை. வந்து கேட்கும் மனிதரோடு இணைக்கப்பட்டுள்ளது. பிராங்க்ளினின் அட்டவணை எந்த இடத்தில் உடைந்ததோ, அந்த இடத்தில்தான் அடிகளாரின் அறிவுரை தொடங்குகிறது.

அப்படியானால் ஆயருக்கு அட்டவணையே வேண்டாமா? அவ்வாறு முடிவு கட்டுவோரும் உளர். வருவோரையெல்லாம் வரவேற்கிறோம் என்ற பெயரில் திண்ணையில் நாளைப் போக்கிவிட்டு, சனி இரவு பத்து மணிக்குப் பிரசங்க வசனம் தேடும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. இதில் நமக்கு மேலான வழிகாட்டி, கிடர்மின்ஸ்டரில் ஆயராயிருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர். 1673இல் வெளியான அவருடைய பெருநூலில் காலத்தை வீணாக்குதலைப்பற்றி எழுதியுள்ளவற்றையே வேபர் எடுத்துக்காட்டுகிறார். 1656இல் ஆயர் பணியைப்பற்றி அவர் எழுதிய நூலை அதனோடு சேர்த்து வாசிக்கவேண்டும். திங்களும் செவ்வாயும் காலை முதல் ஏறக்குறைய இரவுவரை, வாரத்திற்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் வீதம், எண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்களையும் ஓராண்டில் தாமும் உதவியாளரும் சந்தித்து உபதேசிக்கும் முறையை அதில் விவரிக்கிறார். அதுவும் கண்டிப்பான அட்டவணையே. ஆனால் அதன் கட்டங்களுக்குள் வேலைகளின் பெயர்கள் இல்லை, குடும்பங்கள் இருக்கின்றன. கதவைத் தட்டுகிறவர் பாக்ஸ்டரின் திங்கட்கிழமைக்கு இடையூறாக முடியாது. அந்தத் திங்கட்கிழமையே அவருக்காக ஒதுக்கப்பட்டது.

ஆகவே ஆயர் பணிப் பயிற்சி வகுப்பில் பிராங்க்ளினின் பக்கத்தைக் கொடுக்கும் ஆசிரியர், கோடரிக் கதையையும், பிலிப்பியர் பிரசங்கத்தையும், பாக்ஸ்டரின் இரு நாட்களையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சபைகளில் களப்பயிற்சி பெறும் மாணவர், திட்டமிட்டது எவ்வளவு நிறைவேறிற்று என்று எழுதுவதோடு, எந்த நேரத்தில் யார் வந்தார், எதற்காக வந்தார், அவரை எவ்வளவு நேரம் காத்திருக்கவைத்தோம் என்பதையும் ஒரு மாதத்திற்கு எழுதிப் பார்ப்பது பயன்தரும். அக்குறிப்பேட்டில் எந்தப் புள்ளியைக் கரும்புள்ளி என்று கொள்வது என்பதை வகுப்பில் விவாதிக்கலாம். எளிதில் முடியும் விவாதம் அன்று.

பிராங்க்ளினைப்பற்றி இன்னும் ஒன்று. இத்திட்டத்தை விரித்து, நற்பண்பின் கலை என்ற பெயரில் ஒரு நூல் எழுதவேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் எண்ணியிருந்தார். குறிப்புகளும் சேர்த்துவைத்திருந்தார். இளமையில் சொந்த அலுவல்களும் பின்னாளில் பொது அலுவல்களும் இடைப்பட்டதால் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்து, இறுதியில் எழுதாமலே விட்டுவிட்டதாகத் தன்வரலாற்றிலேயே தெரிவிக்கிறார். அத்தன்வரலாறும் 1757இல் அவர் இலண்டன் சேர்ந்ததையும் அதையடுத்த சில அலுவல்களையும் சொல்லி நின்றுவிடுகிறது. 1790 ஏப்பிரல் 17 அன்று அவர் இறந்தபோது அது முடிக்கப்பட்டிருக்கவில்லை.